விளக்கை அணைத்துக் கேட்பது

பதினொன்றே முக்கால் ரயில்
சாமல்பட்டியைத் தாண்டிச் சேலம் பக்கம் போகும்வரை
வெளியிலேயே நிற்பேன்.
தண்டவாளமும் அடங்கின பிறகுதான்
ஷெட்டின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவது.

நாலாயிரத்து எண்ணூறு கோழிகள்
ஒரே நொடியில் பேச்சை நிறுத்தும்.
அதற்குள்தான் தேடவேண்டும்.

நேற்று ஒன்றுமில்லை.
இன்று மூன்றாவது தூணருகே
நனைந்த சீலையை மெல்லக் கிழிப்பதுபோல் ஒரு மூச்சு.
மேற்கு மூலையில் இன்னொன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
உலை கொதிக்கும் முன்பு
பானையடியில் கிளம்புகிற சின்னக் குமிழ்கள் மாதிரி
இருட்டு முழுக்கச் சளி.

இருபத்திரண்டாம் நாள். மார்கழி.
பனிக்குப் பயந்து படுதாவை முழுக்க இறக்கியது நான்தான்.
குளிரை வெளியே நிறுத்தினேன்
எச்சத்தின் காரத்தை உள்ளே வைத்துப் பூட்டினேன்.
கண் எரிந்தபோதே
கை படுதாக் கயிற்றுக்குப் போயிருக்க வேண்டும்.

காலையில் மாதப்பன் வந்தார்,
கம்பெனி பைக், கம்பெனி தொப்பி.
சுவரில் தொங்கும் அட்டையைப் படித்தார்:
செத்தது ஒன்பது, பதினான்கு, முப்பத்தொன்று.
கூட வந்த டாக்டர் ஃபர்ஹானா அட்டையைப் பார்க்கவில்லை.
காலித் தீவனச் சாக்கின்மேல் ஒன்றைக் கிடத்தி
கத்தரியால் மார்பைத் திறந்தாள்.

காற்றுப்பை கண்ணாடித் தாள்போல இருக்கவேண்டுமாம்.
இது பால் காய்ச்சின பாத்திரத்தில் ஒட்டின ஆடை.
இதயத்தைச் சுற்றி மஞ்சளாய்,
திரிந்ததை வடிகட்டி அப்பி வைத்தது போல.

"மைக்கோபிளாஸ்மா தாழ்ப்பாளை எடுத்துவிடும்,
ஈகோலை உள்ளே புகுந்து குடித்தனம் பண்ணும்."
"முதல் ஆள் எங்கிருந்து வந்தான்?" என்றேன்.
"தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வரலாம்" என்றாள்.
குஞ்சு கொடுத்த கம்பெனியின் மாதப்பன்
பைக் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

மருந்து மஞ்சள் பொடி, தண்ணீரில் கலந்து.
மூன்றாம் நாள் தொட்டியைக் கழுவப் போனால்
அடியில் சேறுபோல் பாதி மருந்து.
எங்கள் போர்த் தண்ணீர் அப்படி.
என் பல்லிலும் மகள் பல்லிலும்
பழுப்புக் கோடாகக் கையெழுத்துப் போட்ட தண்ணீர்
இதை மட்டும் சும்மா விடுமா.

கல்லாவி ரோட்டில் கேன் போடுகிற பையனிடம்
தினம் இருபத்தைந்து கேன் சொன்னேன்.
"வீட்ல கல்யாணமாக்கா?"
"ஆமாடா. நாலாயிரத்துச் சொச்சம் பேரு."

கேன் காசை எழுத
அந்த அட்டையில் கட்டம் இல்லை.

படுதா பகலில் ஓர் ஆள் உயரம் ஏறியது.
ஈரமான கடலைத் தோலை வாரிக் கொட்டினேன்,
சுண்ணாம்பு தூவினேன்.
முப்பத்தொன்று பதினெட்டாகி, ஆறாகி,
ஒருநாள் பூஜ்யம் போடக் கை கூசி
காலையும் மாலையும் இரண்டு தடவை தேடினேன்.
முப்பதாம் நாள் மருந்தை நிறுத்தினோம்.
"ஏழு நாள் போகட்டும், அப்புறம் பிடிக்கலாம்"
என்று ஃபர்ஹானா எழுதிக் கையெழுத்திட்டாள்.

முப்பத்துநாலாம் நாளே லாரி.
"ரேட் ஏறியிருக்கு சாலாக்கா,
நாளைக்கு எறங்கிடும்.
மூணு நாள்ல என்ன ஆயிடப் போவுது?"
ரேட் அவர்களுக்கு. எனக்கு வளர்ப்புக் கூலி, கிலோவுக்கு.
மூணு நாளில் என்ன ஆகும் என்று
எனக்கும் தெரியாது.
சாப்பிடப் போகிறவன் யாரென்றும் தெரியாது.
எழுதின தாளை நீட்டினேன்.
அதை வாங்காமலே போன் பேசப் போனார்.

கேட்டைப் பூட்டிச் சாவியை
இடுப்பில் செருகிக்கொண்டேன்.
அடுத்த பேட்ச் எனக்குக் குஞ்சு வராமல் போகலாம்.
ஷெட்டுக் கடனில் இன்னும் பத்தொன்பது தவணை.

காலிக் கூண்டுகளோடு லாரி வாசலில் நிற்கிறது.
டிரைவர் கேபினிலேயே படுத்துவிட்டான்.
பதினொன்றே முக்கால் ரயில் போயிற்று.
சுவிட்சைத் தள்ளினேன்.

முதலில் கேட்டது அவன் குறட்டை.
அது ஓயட்டும் என்று நிற்கிறேன்.